தீபாவளி டூட்டி

இருபத்தாறு வருட சர்வீஸில், கடைசிப் பதினேழு வருடமாக இசக்கிமுத்து ஒரு தீபாவளியைக்கூட வீட்டில் கொண்டாடியதில்லை. பொங்கலும் அப்படித்தான், மகளின் பிறந்தநாளும் அப்படித்தான். திருநெல்வேலி டெப்போவில் பண்டிகை டூட்டிக்கு ஆள் கிடைக்காமல் கன்ட்ரோலர் தலையைச் சொறியும்போதெல்லாம், 'அதான் இசக்கி இருக்கானே' என்று யாராவது எடுத்துக்கொடுப்பார்கள். பஸ் தானாக ஓட ஆரம்பித்துப் பதினைந்து வருடமாகிறது. டிரைவர் சீட்டையே கழற்றிப் போட்டுவிட்டார்கள். கண்டக்டரையும் கழற்றிப் பார்த்தார்கள். மூன்றே நாளில் திருச்செந்தூர் ரூட்டில் நடந்த கூத்தைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு திரும்ப ஏற்றினார்கள். வாழைத்தாரை எங்கே வைப்பது, யாருக்கு யார் எழுந்து இடம் கொடுப்பது என்கிற வழக்கையெல்லாம் எந்த மெஷின் வந்து தீர்க்கும்?

பண்டிகை டூட்டிக்கு அவன் ஒன்றும் ஆசைப்பட்டு ஏறவில்லை. அது ஓர் ஏற்பாடு. மற்றவர்களுடைய நல்ல நாட்களை அவன் பார்த்துக்கொள்வான். பதிலுக்கு, வீட்டிலிருந்து போன் வந்த நிமிடத்தில், எந்த ஊரில் பஸ் நின்றாலும் சரி, யாராவது ஒரு கண்டக்டர் ஏறி அவன் பையை வாங்கிக்கொள்வார். அவன் இறங்கி ஓடுவான். மகளுக்கு வலி வந்த ஒரு நாளில்கூட இசக்கி வீட்டில் இல்லாமல் போனதில்லை. டெப்போவில் இதை எல்லோரும் அறிவார்கள். அவனைப் போல ஓர் அப்பன் உண்டா என்று பேசிக்கொள்வார்கள். அவனுக்கும் உள்ளூர அந்தப் பெருமை இருந்தது.

மகள் எழிலரசிக்கு முதல் வலி வந்தது நாலு வயதில். அதிரசத்தைக் கடித்த கையோடு வயிற்றைப் பிடித்துச் சுருண்டாள். வாயுப்பிடிப்பு என்றார்கள், புழு என்றார்கள், கண்ணேறு என்று சுற்றிப் போட்டார்கள். கணையம் என்று கண்டுபிடிப்பதற்குள் பிள்ளை பாதியாகிவிட்டாள். சாப்பாட்டைக் கரைக்கிற நீர் குடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டுமாம். இவர்கள் வம்சத்தில் அது கணையத்துக்குள் இருக்கும்போதே தொடங்கி, கணையத்தையே கரைக்கப் பார்க்கிறதாம். அடுப்புக்குக் கொண்டுபோகிற கங்கு மடியிலேயே பற்றிக்கொண்ட கதை.

அப்பா வழியில் வந்த கோளாறு அது. இசக்கிமுத்துவின் உடம்பிலும் அதே மரபணு இருந்தது. ஆனால் பத்தில் இரண்டு பேரை அது தொடாமல் விட்டுவிடுமாம், அந்த இரண்டில் ஒருவனாகிப்போனான் அவன். அவனுடைய அப்பாவை அது விடவில்லை. ஆயுளில் ஒரு சொட்டு தொடாத மனிதர் நாற்பத்தொரு வயதில் கணையமெல்லாம் கல்லாகிச் செத்தபோது, துஷ்டிக்கு வந்த சனம் 'குடிச்சே குடலை வேகவச்சிட்டான்' என்று இவன் காதுபடப் பேசியது. தனக்கு வராமல் தாண்டிப்போய் மகளைப் பிடித்ததை இசக்கியால் தாங்கவே முடியவில்லை. நமக்கு வந்திருந்தால் என்ன என்று ஏங்காத நாளில்லை.

வலி வந்தால் படுக்க முடியாது. படுத்தால் கூடும். முன்னால் சாய்ந்து உட்கார வேண்டும். இசக்கி சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்துகொள்வான். நாலு வயதில் அவன் மடியிலும், பதினாலு வயதில் அவன் எதிரிலுமாக எழிலு உட்கார்ந்து, அவன் தோளில் நெற்றியை முட்டுக்கொடுத்துப் பல்லைக் கடிப்பாள். அவன் அவள் முதுகைத் தடவியபடி, ஏற்ற இறக்கம் இல்லாத தணிந்த குரலில், "ஒண்ணுமில்லம்மா, அப்பா இருக்கேம்லா, போயிரும், இந்தா போயிரும்" என்று மணிக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பான்.

அவன் மனைவி வடிவால் அதைப் பார்க்க முடியாது. பள்ளிக்கூடத்தில் ஐம்பது பிள்ளைகளை ஒரே முறைப்பில் அடக்குகிறவள், மகள் துடிப்பதைப் பார்த்தால் கைகால் உதறி விழுந்துவிடுவாள். இரண்டு நோயாளிகளை ஒருத்தன் எப்படிப் பார்ப்பான்? அதனால் புருசனும் பெண்டாட்டியும் பேசாமலே பிரித்துக்கொண்டார்கள். வலி அவனுக்கு, மற்றதெல்லாம் அவளுக்கு. புதுத்துணி எடுப்பது, மத்தாப்பு கொளுத்துவது, ஆண்டுவிழாவில் கைதட்டுவது, குற்றாலத்துக்குக் கூட்டிப்போவது எல்லாம் வடிவு. அந்த நாட்களிலெல்லாம் இசக்கி யாருடைய பஸ்ஸிலோ விசிலடித்துக்கொண்டிருந்தான்.

எழிலுக்குப் பத்தொன்பது வயதானபோது மரபணுவைத் திருத்துகிற ஊசி வந்தது. போட்டார்கள். ஆறே மாதத்தில் கணையம் அடங்கியது. ஆனால் வலி மட்டும் போகவில்லை. மாதம் இரண்டு தடவை, மூன்று தடவை, பழைய மாதிரியே வந்தது. ரத்தத்தில் ஒன்றுமில்லை, படத்தில் ஒன்றுமில்லை. பிள்ளை நடிக்கிறாளோ என்று சொந்தத்தில் ஒருத்தி கேட்டு, வடிவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு போனாள். இரண்டு வருடம் இப்படியே ஓடியது. எழிலு படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு எலும்பும் தோலுமாக உட்கார்ந்தாள்.

அப்போதுதான் டாக்டர் ஜெபராணியிடம் போனார்கள். நரம்பு மருத்துவம் படித்தவர், முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. நோய் போய்விட்டது, ஆனால் பதினேழு வருடம் படித்த பாடத்தை மூளை மறக்க மறுக்கிறது, அந்தப் பாடத்தை அவிழ்த்துவிட முடியும் என்றார். அதற்கு முன்னால் வலியோடு என்னென்ன பின்னிக்கிடக்கிறது என்று ஒரு வரைபடம் எடுக்க வேண்டும். எழிலைப் பக்கத்து அறையில் தலையில் ஒரு கவசத்தை மாட்டி உட்காரவைத்தார்கள். அப்பாவும் அம்மாவும் டாக்டரோடு உட்கார்ந்து திரையைப் பார்த்தார்கள்.

பள்ளிக்கூட மணியைக் கேட்கவிட்டார்கள். திரையில் ஓர் ஓரம் வெளிச்சமானது. பட்டாசுச் சத்தம், அருவிச் சத்தம், வடிவின் குரல் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இடங்கள் ஒளிர்ந்தன. பிறகு, அன்றைக்குக் காலையில் இசக்கியிடம் பதிந்து வாங்கிய குரலைப் போட்டார்கள். 'எழிலு, சாப்பிட்டியாம்மா' என்ற இரண்டே வார்த்தைதான். நடுவில் சிவப்பாகக் கோடு போட்டு வைத்திருந்த வலியின் இடம் முழுக்கப் பற்றிக்கொண்டது. பக்கத்து அறையிலிருந்து எழிலு முனகுகிற சத்தம் கேட்டது.

டாக்டர் குரலை நிறுத்தினார்.

"நான் பேசினா புள்ளைக்கு வலிக்குதா?" என்று கேட்டான் இசக்கி.

"உங்க மேல தப்பில்ல சார். வலி வந்தப்பல்லாம் நீங்க வந்தீங்க. வலி இல்லாத நாள்ல நீங்க வரவே இல்ல. பதினேழு வருசத்துல அவங்க மூளை உங்களையும் வலியையும் ஒண்ணாவே முடிஞ்சு வச்சிருச்சு. இப்ப நீங்க வாசல்ல செருப்பக் கழட்டினாலே, பின்னாடி வலி வருதுன்னு அது கதவைத் திறந்து வச்சிருது."

இசக்கி ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். ஓய்வு நாளில் சும்மா வீட்டுக்கு வருவான், வந்த அரைமணியில் பிள்ளை சுருண்டுகொள்வாள். 'நல்லவேளை, நான் இருந்தேன்' என்று எத்தனை தடவை மார்தட்டியிருக்கிறான். அடப்பாவி, நல்லவேளையாமே.

முடிச்சை அவிழ்த்தால் வலி போய்விடும் என்றார் டாக்டர். வலியோடு சேர்ந்து முடிந்துகிடப்பதும் போய்விடும்.

"என்னைய மறந்திருவாளா?"

"அப்பான்னு தெரியும். பேரு தெரியும். ரேஷன் கார்டுல பாத்துத் தெரிஞ்சுக்கிட்ட மாதிரி தெரியும். அவ்வளவுதான் சார். அப்புறம் ஒண்ணு. வைத்தியம் முடிஞ்ச பிறகும் சில வருசத்துக்கு அந்த நாள்களப் பத்தி அவங்ககிட்ட யாரும் பேசக் கூடாது. நோய் இருந்துச்சு, சரியாயிருச்சு, அவ்வளவு போதும். எப்படித் துடிச்சாங்க, யார் கூட இருந்தாங்கன்னு பேசப் பேச, அழிஞ்ச தடம் திரும்ப விழுந்திரும்."

வீட்டுக்கு வரும் வழியில் வடிவு அழுதாள். நல்லதையெல்லாம் தான் எடுத்துக்கொண்டு கெட்டதையெல்லாம் அவன் தலையில் கட்டிவிட்டோமே, ஒரே ஒரு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு தானும் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கலாமே என்று அரற்றினாள். இசக்கி அவளைத் தேற்றினான். பிள்ளைக்குச் சிரித்த நாட்கள் என்று கொஞ்சம் மிச்சமிருக்கிறதே, அது அவள் கொடுத்ததுதானே என்றான். சொல்லிவிட்டானே தவிர, அந்த நாட்களில் அவன் இல்லை. எழிலு சிரித்து அவன் பார்த்தது ரொம்பக் குறைவு. அழுகையில் அவளுக்கு எத்தனை விதம் உண்டு என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வான்.

எழிலு ஒரே பிடியாக மாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்கு இருபத்தொரு வயது, அவள் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். வலி பழகிவிட்டது, அப்பாவைத் தொலைத்துவிட்டு என்ன சுகம் வேண்டிக்கிடக்கிறது என்று சொல்லும்போதே, எதிரில் நின்ற அப்பாவைப் பார்த்து அவளுக்கு வயிறு இழுத்துப் பிடித்தது. தாங்கிக்கொண்டு சிரித்துக் காட்டினாள். இசக்கி பார்த்துவிட்டான். பதினேழு வருடம் பார்த்தவனிடமா மறைக்க முடியும்?

மறுநாளே ஸ்பெஷல் டூட்டி என்று சொல்லி நாலு செட் துணியோடு டெப்போ ஓய்வறைக்குப் போய்விட்டான். போனில்கூடப் பேசவில்லை. வடிவிடம் மட்டும், பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்பான். வலி குறைந்திருக்கிறது என்று வடிவு சொன்னபோது சந்தோசப்படுவதா அழுவதா என்று தெரியாமல் விழித்தான். ஒரு நாளும் பசிக்கவில்லை. மகளுடைய நெற்றி அழுந்துகிற இடத்தில் தோள் வெறுமையாகக் கிடப்பதுபோல் இருந்தது.

பத்தொன்பதாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, திருச்செந்தூர் வண்டியில் ஏகக் கூட்டம். இசக்கி பின்பக்கத்திலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தான். பஸ்ஸில் அவன் வேறு ஆள். குரல் தகரத்தில் தட்டினதுபோல் எகிறும். கோழிக் கூடையை மடியில் வைத்திருந்த ஒரு பெரியவரிடம், கோழிக்கு ஜன்னல் ஓர சீட்டுதான் வேண்டுமா என்று கேட்டு வண்டியையே சிரிக்கவைத்தான். போனில் கத்திக்கொண்டிருந்தவனிடம், "அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, பஸ்ஸே நின்னு கேக்கப் பாக்கு" என்றான். செய்துங்கநல்லூர் தாண்டியபோது முன்பக்கம் வந்து, கம்பியை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்திருந்த எழிலைப் பார்த்தான்.

முதல் நினைப்பே, அவளுக்கு வலிக்கப்போகிறது, நாம் தள்ளிப்போக வேண்டும் என்பதுதான். பின்னால் நகர்ந்தான்.

"போகாதீங்க கண்டக்டர்" என்றாள் எழிலு. அப்பா என்று சொல்லவில்லை. "முக்கா மணி நேரமா ஒங்க சத்தத்தைக் கேட்டுக்கிட்டுதான் வாரேன். வலிக்கல. கொஞ்சங்கூட வலிக்கல. எல்லார்கிட்டயும் பேசுன மாதிரியே எங்கிட்டயும் பேசுங்க."

அவளோடு பேசுவதற்கென்று அவனிடம் இருந்தது அந்தத் தணிந்த குரல் ஒன்றுதான். அது வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கன போகணும்?" என்றான், மற்றவர்களிடம் கேட்கிற மாதிரி, சத்தமாக.

"திருச்செந்தூர்."

"ஒரு ஆளா? சீக்கிரம் எடுங்கம்மா, பின்னால ஆளு நிக்குல்லா."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் கண் கலங்கியது, ஆனால் வண்டியில் யாரும் கவனிக்கவில்லை.

அன்றைக்கு முழுக்க அவள் இறங்கவே இல்லை. திருச்செந்தூர் போய், திரும்பத் திருநெல்வேலி வந்து, மறுபடி திருச்செந்தூர் போனாள். ஒவ்வொரு நடைக்கும் டிக்கெட் எடுத்தாள். ஆழ்வார்திருநகரியில் ஏறிய தேங்காய் வியாபாரியோடு இசக்கி மல்லுக்கட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் பிறவியெடுத்ததே அந்தச் சிரிப்புக்குத்தான் என்பதுபோல், குரும்பூர் வரைக்கும் வம்பை இழுத்துக்கொண்டே போனான். குலசேகரன்பட்டினத்துக்கு எந்த பஸ் மாற வேண்டும் என்று யாரோ கேட்டதற்கு ஐந்து நிமிடம் வழி சொன்னான். ஒரு கண் மட்டும் அவள் வயிற்றின் மேலேயே இருந்தது. அவள் கை ஒரு தடவைகூட அங்கே போகவில்லை.

கடைசி நடையில் திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி காலியானது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவன் படிக்கட்டுப் பக்கமாகத் திரும்பி நின்று காகிதத்தில் எதையோ எழுதுவதுபோல் பாவனை செய்தான். அவள் சீட்டிலிருந்தபடியே பேசினாள்.

"நான் கையெழுத்துப் போடலன்னா நீங்க வீட்டுக்கே வர மாட்டீங்க. போட்டா, வருவீங்க, ஆனா எனக்கு ஒங்களத் தெரியாது. நானும் பத்தொம்பது நாளா யோசிச்சிட்டேன். எனக்குத் தெரியாட்டாலும் பரவால்ல, நீங்க வீட்டுல இருக்கணும். அம்மாவும் தனியாக் கெடந்து அழுதா." கையிலிருந்த டிக்கெட்டுகளை மடித்துக்கொண்டாள். "இன்னைக்கு ஒரு நாளு வலி இல்லாம இருந்துச்சுல்லா. இது போகாதுன்னு நெனைக்கேன்."

அவன் திரும்பவில்லை. திரும்பினால் குரல் மாறிவிடும். "பாளையங்கோட்டையெல்லாம் ஏறுங்க" என்று காலி பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக் கத்தினான்.

சிகிச்சை ஒன்பது நாள் நடந்தது. தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, பார்க்கலாம் என்று டாக்டர் ஜெபராணி கூப்பிட்டார். டூட்டியிலிருந்து நேரே வந்ததால் இசக்கி காக்கிச் சட்டையோடேயே இருந்தான். எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதிர்பார்க்கவில்லை என்றுதான் அவனும் சொன்னான். வடிவு முதலில் உள்ளே போனாள். 'அம்மா' என்று எழிலு கூப்பிட்டது வெளியே கேட்டது. அந்தக் குரலில் நோவு இல்லை. போதும், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவோரம் போய் நின்றான்.

எழிலு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"இவுக திருச்செந்தூர் வண்டி கண்டக்டர்லா?"

வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் தலையசைத்ததும், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இவர்தான் உன் அப்பா என்று மெதுவாகச் சொன்னாள். எழிலு அம்மாவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பாவின் பேர் இசக்கிமுத்து, பஸ் கண்டக்டர் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்தப் பேரும் இந்த முகமும் இப்போதுதான் ஒன்றோடொன்று சேர்கின்றன என்பது அவள் யோசிக்கிற விதத்திலேயே தெரிந்தது.

"அப்ப நான் ஏன் டிக்கெட் எடுத்தேன்?" என்று கேட்டாள்.

இசக்கிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "ரூல்ஸும்மா" என்றான் பஸ் குரலில். "கண்டக்டர் மகளா இருந்தாலும் எடுத்துத்தான் ஆகணும்."

அவள் சிரித்தாள். அவன் சொன்னதற்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, வலி இல்லாமல் சிரித்தாள். அருகே போய் அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொள்ள அவனுக்குக் கை பரபரத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அந்தப் பதினேழு வருடத்தையும் முழுசாகத் தெரிந்தவன் இனி உலகத்தில் அவன் ஒருத்தன்தான். அதை யாரிடமும் சொல்லவும் முடியாது.

எழிலு எதையோ தேடுகிறவள்போல் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். குரலில் கோபமில்லை, விருந்தாளியிடம் கேட்கிற மரியாதைதான் இருந்தது.

"எனக்குத் தீபாவளியெல்லாம் ஞாபகம் இருக்கு. ஆண்டுவிழா, குற்றாலம், எல்லாம் இருக்கு. எதுலயுமே நீங்க இல்லையேப்பா. நீங்க எங்க இருந்தீங்க?"

வடிவு சொல்லிவிடச் சட்டென்று வாயைத் திறந்தாள். இசக்கி அவளைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள்.

"நல்ல நாள்ல பஸ்ல கூட்டம் சாஸ்தியா இருக்கும்மா" என்றான் இசக்கி. "வேலைன்னு இருந்துட்டேன்."

"அப்படி என்ன பெரிய வேலை" என்றாள் எழிலு. கொஞ்சம் யோசித்தாள். மன்னித்துவிடலாம் என்று முடிவு செய்தவள்போல் முகம் இளகியது. "சரி, போகட்டும். இந்த வருசமாவது லீவு போடுவீங்களா?"

"போடுதேம்மா" என்றான் அவன்.